வயிற்றுக் கோளாறுதானே என்று விட்டுவிடலாமா?



கொரோனா காலத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 மே 5 அன்று கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பரில்தான் கோயம்பேட்டில் மீண்டும் படிப்படியாகக் கடை திறந்தார்கள். சரக்கும் ஆளும் நெருக்கியடிக்கும் இடத்தில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு நம் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அந்த நாட்களில் கடை வாசலில் ஆள் நிறுத்தி, வருகிறவர் நெற்றியில் காய்ச்சல் பார்த்தோம். இருமியவரைத் தள்ளி நிற்கச் சொன்னோம். ஆனால் வயிறு சரியில்லை என்று சொன்னவரை மட்டும் நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது பெரிய தவறு என்பதே நாம் இங்கே சொல்ல வந்தது.

நமது கடையிலேயே நடந்ததைச் சொல்கிறோம். 2021 ஏப்ரல் மாதம். கணக்கு எழுதும் தம்பி ஒருவர் காலையில் வந்ததும், "அண்ணாச்சி, ராத்திரி நாலு தடவை வயித்தால போயிடுச்சு, சோறே இறங்கலை" என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. "வெளியில எதையாவது சாப்பிட்டிருப்பே" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் கொடுத்து, கல்லாவில் உட்கார வைத்தோம். மூன்றாம் நாள் அவருக்கு இருமல் வந்தது. பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்தது. அடுத்த சில நாட்களில் மூட்டை இறக்கும் இருவருக்கும் நமக்கும் வந்துவிட்டது. அந்த இருவரில் ஒருவர் ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்து மீண்டார். தம்பி எதையும் மறைக்கவில்லை. முதல் நாளே வாய் திறந்து சொன்னார். கேட்டும் கேளாதவர்களாக இருந்தது நாம்தான்.

கொரோனா நுரையீரல் நோய்தானே, வயிற்றுக்கு ஏன் வருகிறது என்று சிலர் கேட்கலாம். இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள் நுழைய ஏஸ்-2 என்ற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. கடைக்குத் தெரு வாசல் ஒன்று, சரக்கு இறக்கும் பின்வாசல் ஒன்று இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நாம் தெரு வாசலில் மட்டும் காவல் போட்டோம்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட அந்நாட்டின் முதல் நோயாளிக்கே, இருமல் காய்ச்சலோடு குமட்டலும் வாந்தியும் இருந்தன. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வயிற்றுப்போக்கும் கண்டது. அவரது மலத்தைச் சோதித்தபோது அதிலும் கிருமியின் அடையாளம் கிடைத்தது. அதே ஆண்டு சீனாவின் ஹூபேய் மாகாணத்தில் 204 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பசியின்மை, வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்றுவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்ததாக எழுதினார்கள். அதிலும் பசியின்மைதான் அதிகம். வேறு சில ஆய்வுகளில் இந்த அளவு மிகக் குறைவு.

ஹூபேய் ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. வயிற்றுத் தொல்லை இல்லாதவர்கள் நோய் தொடங்கிச் சராசரியாக 7.3 நாளில் மருத்துவமனைக்கு வந்தார்கள். வயிற்றுத் தொல்லை இருந்தவர்கள் வந்து சேர 9 நாள் ஆயிற்று. இது வேறு ஏதோ அஜீரணம் என்று இருந்துவிட்டால் நாள் இப்படித்தான் போகும். நமது கடையில் போனதும் இதே போன்ற மூன்று நாட்கள்தான்.

இதைப் படித்துவிட்டு, வயிறு கலங்கிய எல்லோருக்கும் கொரோனா என்று யாரும் பயந்துவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் வேறாகத்தான் இருக்கும். மளிகைச் சாமான் மூலம் கொரோனா பரவும் என்றும் எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், வயிற்றுப்போக்கு உள்ளவர் பருப்பும் மாவும் அள்ளிப் பொட்டலம் போடுவது சரியல்ல. வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ளவர் உணவுப் பொருளைக் கையாளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

ஆகவே நமது யோசனைகள்:

1. வயிற்றுப்போக்கு, வாந்தி, திடீர்ப் பசியின்மை என்று ஊழியர் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். கூடவே உடல்வலி, களைப்பு இருந்தாலோ, வாசனையும் ருசியும் தெரியவில்லை என்றாலோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பெருங்காயத்தை மோந்து பார்த்தே தரம் சொல்லும் நமக்கு, வாசனை போனால் தெரியாமலா இருக்கும்?

2. உடம்பில் நீர் வற்றுவதுதான் ஆபத்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து கடையில் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். இரண்டும் நம் கடைச் சரக்குதான்.

3. கழிப்பறை சென்று வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளுக்குச் சானிட்டைசர் போதாது.

4. நமது வயதுக்காரர்கள், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பளம். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றால், எந்த ஊழியர் உண்மையைச் சொல்வார்? பண்டிகை நேரத்தில் ஆள் இல்லாமல் எப்படிக் கடை நடத்துவது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நாமும் அப்படிக் கேட்டவர்கள்தான். ஒருவருக்கு மூன்று நாள் சம்பளம் கொடுக்க யோசிக்கிறோம். ஆனால் 2021-ல் நால்வர் படுத்து, கடையைப் பதினைந்து நாள் பூட்டி வைத்தோம். எது நஷ்டம் என்று கணக்குப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. அவசர நிலைதான் முடிந்தது, நோய் முடியவில்லை. நாளைக்கு ஒரு தம்பி வந்து, "அண்ணாச்சி, வயிறு சரியில்லை" என்று சொன்னால், அன்றைய சம்பளத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைப்போம். அது அவருக்கும் நல்லது, நம் கடைக்கும் நல்லது.