குர்ஆனை ஓதுவது எதற்காக?

முஸ்லிம் சகோதரர்களுடைய வீடுகளில் குர்ஆன் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நமது வாசகர்களில் அநேகர் பார்த்திருப்பார்கள். பட்டுத்துணியில் சுற்றி, ஆள் உயரத்திற்கு மேலே, அழுக்குக் கை படாத இடத்தில் வைத்திருப்பார்கள். எடுக்கும்போது கை கால் முகம் கழுவிக்கொண்டு எடுப்பார்கள். ரெஹல் பலகையின் மேல் வைத்து விரித்து, தலையை மூடிக்கொண்டு ஓதுவார்கள். இவ்வளவு மரியாதை பெறுகிற புஸ்தகத்தில் இன்று ஓதிய பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆலிம்சாவுக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும். இந்தப் பதிலைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகின்றோம்.

உங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். குர்ஆன் ஆண்டவனால் இறக்கப்பட்டதா இல்லையா என்கிற வழக்கில் நாம் இப்போது பிரவேசிக்கவில்லை. அவ்விஷயத்தில் நமது அபிப்பிராயம் யாவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மனிதன் தன் வாயால் சொல்லுவது தனக்கு விளங்க வேண்டுமா வேண்டாமா என்பது மதத்தைப் பொறுத்த வழக்கல்ல. அறிவைப் பொறுத்த வழக்கு. பார்ப்பனர் மந்திரத்தைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருவிலே நடப்பதைப் பற்றி வாயை மூடிக்கொண்டால் அது யோக்கியமாகாது.

முதலில் நியாயமாய்ப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 114 சூராக்களும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்களும் கொண்ட ஒரு நூலை ஓர் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்து ஹாபிஸ் ஆகிறார்கள். அதுவும் தாய்பாஷையல்லாத பாஷையில்! பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் விடியற்காலையில் எழுந்து, முன்னும் பின்னும் அசைந்தாடி, நேற்றைய பாடத்தையும் முந்தாநாள் பாடத்தையும் உஸ்தாதிடம் ஒப்பித்து, வருஷக் கணக்கில் இதைச் செய்கிறார்கள். ரமலான் மாத இரவுகளில் தராவீஹ் தொழுகையில் ஹாபிஸ் பார்க்காமல் ஓதிக்கொண்டு போவார். ஒரு சொல் தவறினால் பின்னால் நிற்கிற இன்னொரு ஹாபிஸ் உடனே எடுத்துக் கொடுப்பார். இப்படி ஒருவர் நினைவை ஒருவர் தணிக்கை செய்துகொண்டே வந்ததால், அச்சு யந்திரம் இல்லாத காலத்திலும் நூல் கெடாமல் வந்திருக்கிறது. இதைச் சாமான்யமான காரியம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

நம் நாட்டு வேதமும் வாயால்தான் காக்கப்பட்டது. ஆனால் அதைக் காத்தவர்கள் ஒரே ஜாதியார். மற்றவன் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சாஸ்திரம் எழுதி வைத்துக்கொண்டு காத்தார்கள். குர்ஆன் விஷயத்தில் அந்த அக்கிரமம் கிடையாது. கூலிக்காரன் பிள்ளையும் ஹாபிஸ் ஆகலாம். அவன் பின்னால் லட்சாதிபதி நின்று தொழத்தான் வேண்டும். இதை நாம் எத்தனையோ தடவை மேடைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். சொன்ன நமக்கே இப்போது வயிறு எரிகிறது. அங்கே காதை அடைத்தார்கள். இங்கே காதைத் திறந்துவிட்டு அர்த்தத்தை அடைத்துவிட்டார்கள்.

அந்தப் புஸ்தகமாவது இதற்குச் சம்மதிக்கிறதா? யூசுப் சூராவின் ஆரம்பத்திலேயே, கேட்கிறவர்கள் விளங்கிக் கொள்வதற்காக அரபியில் தரப்பட்டது என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. இப்ராஹீம் சூராவில், எந்தத் தூதரும் தம் ஜனங்களின் பாஷையிலேயே அனுப்பப்பட்டார் என்று இருக்கிறது. வேதம் கொடுக்கப்பட்டும் அதன்படி நடவாதவர்களை ஏடு சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிற இடமும் உண்டு. குங்குமம் சுமந்த கழுதை என்று நம்மவர்கள் சொல்லுவதும் அதுதான். அரபிக்காரனுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அரபியில் வந்ததை, தமிழனுக்கு விளங்காமல் இருப்பதற்காக அரபியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

"முன்னோர் செய்யாததை நாங்கள் செய்யலாமா?" என்று சில மௌலவிகள் கேட்கிறார்கள். முன்னோர் கதையை அவர்கள் ஒப்புக்கொள்ளும் புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலிருந்தே சொல்லுவோம். கி.பி. 632 இல் நபியவர்கள் காலமான பிறகு நடந்த யமாமா யுத்தத்தில், குர்ஆனை மனனம் செய்திருந்தவர்கள் அநேகர் மாண்டார்கள். இப்படியே போனால் நூல் அழிந்துவிடும், ஒன்றாக எழுதித் தொகுத்துவிடுங்கள் என்று உமர், கலீபா அபூபக்கரிடம் சொன்னார். அபூபக்கர் என்ன சொன்னார்? நபி செய்யாத காரியத்தை நான் எப்படிச் செய்வது என்றார். தொகுக்கும் பொறுப்பைக் கொடுப்பதற்காக அழைக்கப்பட்ட ஸைதும் அதே ஆட்சேபணையைத்தான் சொன்னார். உமர் விடவில்லை. இது நல்ல காரியம் என்று வாதாடி அபூபக்கரைச் சம்மதிக்கச் செய்தார்; அபூபக்கரும் அப்படியே வாதாடி ஸைதைச் சம்மதிக்கச் செய்தார். பிறகுதான் பேரீச்ச மட்டையிலும், தட்டைக் கல்லிலும், எலும்பிலும், மனிதர் நெஞ்சிலும் இருந்ததை ஸைத் தேடிச் சேர்த்தார். இன்று முஸ்லிம்கள் கையில் வைத்திருக்கும் குர்ஆனே "முன்னோர் செய்யவில்லை" என்ற ஆட்சேபணையைத் தோற்கடித்த பிறகு உண்டானதுதான்.

அதோடு நின்றதா? அக்காலத்து அரபி எழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை, உயிர்க்குறிகள் கிடையாது. பே, தே, நூன் எல்லாம் சொல்லின் நடுவில் ஒரே பல்லாகத் தெரியும். பாரசீகத்தாரும் மற்றவர்களும் இஸ்லாத்தில் சேர்ந்து தப்பும் தவறுமாய்ப் படிக்க ஆரம்பித்தவுடன், புள்ளியும் குறியும் ஏற்படுத்தப்பட்டன. 8 ஆம் நூற்றாண்டில் பஸராவின் கலீல் இப்னு அஹ்மது என்னும் இலக்கணப் புலவர் இன்று வழங்கும் குறிகளை அமைத்தார். இதையும் வெறுத்தவர்கள் அந்நாளில் உண்டு. அச்சுக்கும் அப்படியே. துருக்கி சுல்தானின் ஆட்சியில் 1727 இல் அச்சுக்கூடம் வைக்க அனுமதி கொடுத்தபோது, மார்க்கப் புஸ்தகங்களை மாத்திரம் அச்சடிக்கக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். 1924 இல் கெய்ரோவில் அரசாங்கமே ஆலிம்களைக் கொண்டு திருத்தி அச்சிட்டது. இன்று அச்சடித்த குர்ஆனைக் கையில் வைத்துக்கொண்டே அச்சு பாவம் என்று எந்த மௌலவியாவது சொல்லுவாரா?

மொழிபெயர்ப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. இமாம் அபூஹனீபா, அரபி வராதவன் பாரசீகத்தில் ஓதித் தொழலாம் என்று சொன்னதாக அவர் வழியினரின் நூல்களே கூறுகின்றன. பின்னால் அதை மாற்றிக்கொண்டார் என்று சொல்லுவாரும் உண்டு, இருக்கட்டும். 18 ஆம் நூற்றாண்டில் டில்லியில் ஷாஹ் வலியுல்லா பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். அவர் குமாரர் அந்நூற்றாண்டின் கடைசியில் உருதுவில் செய்தார். வங்காளத்தில் முழுக் குர்ஆனையும் மொழிபெயர்த்து 1880களில் வெளியிட்ட கிரீஷ் சந்திர சென் ஒரு முஸ்லிம் அல்ல, பிரம்ம சமாஜத்தார். பக்கத்து மதக்காரன் வந்து பொருள் சொல்லும் வரை காத்திருந்தார்கள் என்றால் இதைவிட என்ன வேண்டும்?

தமிழுக்கு வருவோம். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடி முந்நூறு வருஷமாகிறது. தமிழையே அரபி எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ் வழக்கு காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முதலிய இடங்களில் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அதில் மார்க்கச் சட்டங்களை எழுதினார். வீட்டுப் பெண்களும் படித்தார்கள். தமிழ் தீட்டு என்று அவர்கள் நினைக்கவில்லை. அப்படியிருந்தும், தமிழ் எழுத்தில் முழுக் குர்ஆனுக்குப் பொருள் வர எவ்வளவு காலமாயிற்று பாருங்கள். ஆ.கா. அப்துல் ஹமீது பாக்கவி அவர்கள் 1929 இல் முதல் பகுதியை வெளியிட்டார். முழுவதும் வெளிவந்தது 1949 இல். ஒரு மனிதருடைய ஆயுளில் இருபது வருஷம்! நாச்சியார்கோயில் தாவூத்ஷா அவர்கள் தாருல் இஸ்லாம் பத்திரிகை நடத்தி, தமிழிலேயே மார்க்கத்தை எடுத்துச் சொன்னதற்காகப் பட்ட பேச்சும் ஏச்சும் கொஞ்சமல்ல.

இந்த எதிர்ப்பு எதனால் என்று யோசித்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். பொருள் தெரியாதவரைதான் கத்தம் ஓதுவதற்குக் கூலி உண்டு. பொருள் தெரியாதவரைதான் வசனத்தைத் தகட்டில் எழுதித் தாயத்தாக விற்கலாம். பீங்கானில் எழுதிக் கழுவி, காய்ச்சல்காரனுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று எழுதியிருக்கும் வசனத்தை, சகோதரிகளின் பங்கை விழுங்கிவிட்டவன் வீட்டிலேயே அவன் தகப்பனார் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு இனிய ராகத்தில் ஓதலாம். ஓதுகிறவருக்கும் கூச்சமில்லை, கேட்கிறவனுக்கும் கோபமில்லை. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிற அந்தச் சகோதரிகளோ, "என்ன அழகாய் ஓதுகிறார்!" என்று கண்ணீர் விடுகிறார்கள். அந்த வசனம் தமிழில் அவர்கள் காதில் விழுந்திருந்தால் அன்றே பங்கைக் கேட்டிருப்பார்கள்.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸைத் தொகுத்த அந்த முதல் ஏடுகள் அபூபக்கரிடமும் பிறகு உமரிடமும் இருந்து, உமர் இறந்த பின் யாரிடம் இருந்தன? அவருடைய மகளும் நபியின் மனைவியுமான ஹப்ஸாவிடம். மூன்றாம் கலீபா உஸ்மான், பிரதிகள் எடுத்து ஊர்களுக்கு அனுப்ப விரும்பியபோது, ஹப்ஸாவிடம் ஆளனுப்பிக் கேட்டு வாங்கி, எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். நூலைக் காத்து வைத்தவள் ஒரு பெண். அந்த நூலின் பேரால், வயது வந்த பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று நிறுத்தியவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாதா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்களா? பெண்களுக்கென்று மதரஸாக்கள் இன்று பல ஏற்பட்டிருக்கின்றன என்பதை நாம் மறைக்கவில்லை. ஏற்பட இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்றுதான் கேட்கிறோம்.

மூலத்தை எறிந்துவிட்டு மொழிபெயர்ப்பை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். மூலம் இருந்தால்தான் மொழிபெயர்த்தவன் செய்த புரட்டைக் கண்டுபிடிக்க முடியும். மேலும், துருக்கியில் 1932 இல் பாங்கைத் துருக்கி பாஷையில் சொல்லும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது. 1950 இல் ஆட்சி மாறியவுடன் ஜனங்கள் அரபிக்கே திரும்பிவிட்டார்கள். போலீஸ்காரனைக் கொண்டு புகுத்துகிற அறிவு நிலைப்பதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களே கேட்டு வாங்கவேண்டும்.

இப்போது தமிழில் மொழிபெயர்ப்புகள் ஒன்றல்ல, பல வந்துவிட்டன. அநேக பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை தோறும் தமிழில் பயான் நடக்கிறது. ஆகவே இனி இல்லை என்று சொல்லுவதற்கில்லை. இருந்தும் ஓதல் பள்ளியில் பிள்ளைக்கு அலிப், பே கற்றுக் கொடுத்து, முப்பது ஜுஸ்வும் ஓதி முடித்தவுடன் மிட்டாய் வழங்கி அனுப்பிவிடுகிற வழக்கம் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது. பொருள் புஸ்தகம் அதே அலமாரியில், அதே பட்டுத்துணிக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

நமது முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு காரியம் சொல்லுகின்றோம். உங்கள் ஊர் ஓதல் பள்ளியின் அடுத்த ஆண்டு விழாவுக்குப் போங்கள். ஒரு குழந்தை எழுந்து நின்று பிசகில்லாமல் ஓதும். எல்லோரும் மகிழ்ந்து பரிசு கொடுப்பார்கள், நீங்களும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "கண்ணு, இப்போது ஓதினாயே, அதற்கு என்ன அர்த்தம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குழந்தை விழித்தால் அதைக் கோபிக்காதீர்கள். மேடையில் தலைமை வகிக்கிற கனவான் பக்கம் திரும்பி, அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள்.