உடற்காயத்துக்கு நிவாரணம், மனக்காயத்துக்கு மௌனம்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. நாட்டின் பல மருத்துவமனைகளில் காயங்களைச் சுற்றும் துணி இங்குள்ள தறிகளிலிருந்து செல்கிறது. ஆனால் இதே வட்டாரத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டு, உறக்கம் இழந்து, வேலைக்குச் செல்லவும் மனமின்றி முடங்கிவிடும் ஒருவருக்கு எங்கே, யாரிடம் சிகிச்சை கிடைக்கும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. உடலில் பட்ட காயத்தைப் பதிவு செய்யப் படிவம் உண்டு. மனத்தில் பட்ட காயத்துக்கு அதுகூட இல்லை.

ஒடுக்கப்பட்ட மக்களின் மனத்துயரை வறுமையின் விளைவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் உள்ளது. அது முழு உண்மையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2007-08ஆம் ஆண்டுகளில் திரட்டிய தரவுகளை ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடப் பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் கூடுதலான மனச்சோர்வையும் பதற்றத்தையும் தெரிவித்திருந்தனர். கல்வி, சொத்து, செலவு ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகள் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. எஞ்சியிருப்பது என்ன? அன்றாட அவமதிப்பும் அச்சமும் அல்லவா?

அந்த அச்சத்துக்கு இம்மண்ணில் வரலாறு உண்டு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது அதை ஏற்க மறுத்துக் கலவரம் மூண்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர்ப் பலகை மாறியதோடு அரசின் கணக்கு முடிந்தது. தாக்குதலைக் கண்ட சிறுவர்களும், இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களும் பின்னர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்றும் அந்தக் கணக்கு எடுக்கப்படுவதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையில் தொழில், வருமானம், கல்வி வாரியான அட்டவணைகள் உள்ளன. சாதிவாரி அட்டவணை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. அந்தச் சேவை சாதியின் பெயரால் மறுக்கப்படக் கூடாது, நெடுந்தொலைவு அலையவிடாமல் வாழிடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 12(4)ஆவது விதி, பாதிக்கப்பட்டோருக்கு உடனடியாக வழங்க வேண்டியவற்றுள் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருத்துவ உதவியையும் சேர்த்துள்ளது. இவ்விரண்டையும் இணைத்து வாசித்தால், வன்கொடுமைக்கு உள்ளானவருக்கு மனநலச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்ற முடிவுக்கே வர வேண்டியுள்ளது. நடைமுறையிலோ முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எனத் தவணை தவணையாக வரும் நிவாரணத் தொகையோடு பேச்சு நின்றுவிடுகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. நடந்த கொடுமையை அந்நியர்கள் முன்னும், சில வேளைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முன்னும், மீண்டும் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம். ஒவ்வொரு வாய்தாவும் பழைய காயத்தைக் கீறுகிறது. மனம் தளர்ந்து சாட்சி பின்வாங்கினால் வழக்கு தோற்கிறது. ஆகவே மனநலம் இங்கே மருத்துவச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை, நீதியின் சிக்கலாகவும் ஆகிறது.

நடுவணரசு 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் இன்று மாவட்டந்தோறும் விரிந்துள்ளது. 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்குச் சென்று வர ஒரு நாள் முழுதும் போய்விடும். மில்லில் ஷிப்டு பார்ப்பவருக்கும், விசைத்தறியில் நிற்பவருக்கும், நகராட்சியில் ஒப்பந்த முறையில் குப்பை அள்ளுபவருக்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. துணைக்கு வருபவரையும் சேர்த்தால் இரண்டு கூலி. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய்களைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாதிருப்பதாகக் கண்டறிந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தகைய கூலிக் கணக்குகளும் உள்ளன.

மருத்துவமனை எட்டாத இடத்தில் மக்கள் கோயிலையும் தர்காவையும் நாடுகிறார்கள். அவர்களது நம்பிக்கையை ஏளனம் செய்வது நம் வேலையன்று. ஆனால் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறக்க முடியாது. அரசுச் சேவை இல்லாத வெற்றிடத்தில் எவையெல்லாம் முளைக்கும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலுமன்று. அமெரிக்காவில் வாழும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மொழித்தடை, காப்பீடின்மை, குடியேற்றத் துறை குறித்த அச்சம் ஆகியவற்றால் மனநலச் சேவையிலிருந்து விலகி நிற்கின்றனர். அங்கே 'புரொமோதோரா' எனப்படும், அதே சமூகத்தைச் சேர்ந்த பெண் நலப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அவ்விடைவெளியைக் குறைக்க உழைக்கின்றனர். நம்மிடம் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறார்கள். முறையான பயிற்சியோடு மனநலத் தொடர்சிகிச்சையையும் அவர்கள் வழியே ஏன் கொண்டுசெல்லக் கூடாது?

கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் ரோகித் வெமுலாவையும், 2019இல் மருத்துவர் பாயல் தத்வியையும் நாம் இழந்தோம். அவர்களுடைய தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது கேட்டது அனுதாபத்தை அன்று, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏற்பாட்டை. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்ற அறிவுரை, காயப்படுத்துபவனை விட்டுவிட்டுக் காயப்பட்டவரையே திருத்த முனைகிறது. ஆலோசனையும் வேண்டும், அவமதித்தவர் மீது நடவடிக்கையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. வன்கொடுமை வழக்கு பதிவானவுடன் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மனநல ஆலோசனை வழங்குவதை நிவாரண ஆணையிலேயே மாவட்ட நிர்வாகம் எழுத வேண்டும். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் மாலை நேர மனநலப் பிரிவு வேண்டும். ஷிப்டு முடிந்து வருபவர் கூலியை இழக்காமல் மருத்துவரைக் காண வேண்டும். சாதி இழிவு குறித்துக் கேட்கவும் செவிமடுக்கவும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி வேண்டும். மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டங்களில் நிவாரணத் தொகையோடு இவற்றையும் செயற்பாட்டாளர்கள் எழுப்ப வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை முழுமையாக வாசித்தாலே போதும்.

(மனம் தாங்க முடியாத நேரத்தில் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.)