பட்டன் போனும் பாட்டுச் செல்வமும்

ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் ஒருங்கே வைத்து எண்ணினார். உண்பதும் உழைப்பதும் போலவே இசையும் மண்ணோடு பிறந்தது என்பது பண்டைத் தமிழர் கொள்கை. அக்கொள்கை இன்று எங்கே வாழ்கிறது என வினவின், உழைப்பாளியின் சட்டைப்பையில் கிடக்கும் 'பட்டன் போன்' என்னும் எளிய கைப்பேசியில் வாழ்கிறது என்போம்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையை எடுத்துக்கொள்வோம். இராம தீர்த்தம் முதலான தீர்த்தங்களால் பெயர் பெற்று, அருணகிரிநாதரின் திருப்புகழிலும் இடம்பெற்ற ஊர் அது. அவ்வூரைச் சூழ்ந்த வறண்ட பகுதிகளில் மானாவாரிக் கொல்லைகளும் மாந்தோப்புகளும் புளியமரங்களும் மிகுதி. இத்தகைய ஊர்களில் களையெடுப்போர் வரப்பின் மீதும், ஆடு மேய்ப்போர் இடுப்பு மடிப்பிலும், தேநீர்க் கடைப் பலகையிலும் பட்டன் போன் பாடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பேசுவதற்கு வாங்கிய கருவி, நாளின் பெரும்பொழுதைப் பாடியே கழிக்கிறது.

தொடுதிரைக் கைப்பேசி வந்த பின்னர் இது பழம்பொருள் அன்றோ எனச் சிலர் எள்ளுவர். கணக்கிட்டுப் பார்ப்பின் உண்மை விளங்கும். பாடல்களைச் சுருக்கிச் சேமிக்கும் எம்.பி.3 முறை 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பெற்றது. வினாடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கினால் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும். 5 நிமிடப் பாடலுக்கு 5 மெகாபைட். 4 ஜிகாபைட் கொள்ளும் மெமரி கார்டு ஒன்றில் 800 பாடல்கள் அடங்கும். ஒரு மணிநேர ஒலிநாடாவில் 12 பாடல்கள் எனக் கொண்டால், நகத்தளவேயான அவ்வட்டை 66க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களுக்கு நிகராகும். அதற்கு இணைய இணைப்பு வேண்டா; திங்கள்தோறும் கட்டணம் வேண்டா; மலை மறைத்து அலைவரிசை கிட்டாத இடத்திலும் அது பாடும். செவிக்கம்பியைச் செருகினால் அதுவே அலைவாங்கியாகிப் பண்பலை வானொலியும் ஒலிக்கும்.

இவ்வசதிகளினும் மேலானதொரு சிறப்பு உண்டு. இணையவழி கேட்கும் பாடல் நமக்கு உடைமையன்று. உரிமம் முடிந்தால் அது பட்டியலினின்றும் மறையும். அடுத்து எப்பாடல் என்பதையும் பெரும்பாலும் நிறுவனத்தின் கணிப்பொறியே முடிவு செய்கிறது. பட்டன் போனிலோ கேட்பவரே தேர்ந்தவர். ஒருவர் அட்டையில் நாகூர் அனிபாவும் சீர்காழி கோவிந்தராசனும் இளையராசாவும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். அவ்வரிசை அவருடைய வாழ்வின் வரிசை. வேறெவரும் அதனை வகுக்கவில்லை. தொடுதிரைப் பேசியிலும் இவ்வாறு பாடல்களைச் சேமிக்க இயலுமாயினும், அப்பழக்கம் அருகி வருகிறது.

குறைகளையும் மறைத்தல் முறையன்று. செல்போன் கடைகளில் சில உருபாய்க்கு நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தரும் வழக்கம், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதனால் பயன் ஏதுமில்லை. சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் தேய்ந்தே ஒலிக்கும். செவிக்கம்பி வழியே உரத்துக் கேட்பதும் தீது. வாரத்திற்கு 40 மணிநேரம் கேட்போர் 80 டெசிபெல் அளவைக் கடத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெறி. அளவு மிஞ்சினால் எச்சரிக்கும் ஏற்பாட்டை எளிய பேசியில் எதிர்பார்க்க இயலாது. சாலையில் நடப்போர் இரு செவிகளையும் அடைத்துக்கொள்வது உயிருக்கே ஊறு.

எனினும் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது இவற்றினும் பெரிதொன்று. களையெடுக்கையில் போன் பாடுகிறது. களையெடுப்போர் வாய் பாடுவதில்லை. இதற்குக் கைப்பேசியை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. மின்பொறி கிணற்றுக்கு வந்தபோதே ஏற்றப்பாட்டு ஓயத் தொடங்கிவிட்டது. நெல் அரைக்கும் ஆலை வந்தபின் உலக்கைப் பாட்டும் மங்கிற்று. எஞ்சியிருப்பவை தாலாட்டும் ஒப்பாரியும் சில தொழிற்பாடல்களுமே. அவற்றை முழுமையாக அறிந்தோர் பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுள் ஒருவர் மறையுந்தோறும் ஒரு பாட்டுச் சுவடி எரிகிறது.

நாட்டுப் பாடல்களைத் தொகுத்தோர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. சார்லசு கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுப்பைத் தந்தார். அவர்தம் உழைப்பை எத்துணைப் போற்றினும் தகும். ஆயினும் அச்சேறியவை சொற்களே. மெட்டைத் தாள் தாங்காது. இழுத்துப் பாடிய இடமும், மூச்சு வாங்கிய இடமும், கூட்டமாக எதிர்ப்பாட்டு எழுந்த இடமும் பாடியவரோடு போயின. மெட்டைத் தாங்கும் கருவி இன்று ஊர்தோறும் உள்ளது. பாட்டுக் கேட்கும் பட்டன் போன்கள் பலவற்றில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் உண்டு. அதனை அழுத்திப் பார்த்தோர் எத்தனை பேர்?

ஆதலின் நம் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள், பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் இசைவு பெற்று, ஒரு தாலாட்டையேனும் பதிவு செய்யுங்கள். அப்பதிவு முறை பெரும்பாலும் பேச்சுக்கென வகுக்கப்பட்டதாகலின் இசையின் நுட்பம் சற்றுக் குறையலாம். சொல்லும் மெட்டும் நிற்கும். பாடியவர் பெயர், ஊர், நாள், எத்தொழிலின்போது பாடுவது என்பவற்றைக் குறித்து வையுங்கள். அட்டை பழுதானால் அனைத்தும் போகுமாதலின் கணிப்பொறியிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். பதிவைப் பாடியவருக்கே மீண்டும் போட்டுக் காட்ட மறவாதீர்கள். திரைப்பாடலின் அருகே தம் குரலும் அப்பெட்டியிலிருந்து ஒலிக்கக் கேட்பவர், மறந்த பாடல் ஒன்றை நினைவுகூரவும் கூடும். தமிழ்த்துறைகள் இவற்றைத் திரட்டி ஊர்வாரியாகப் பேணுமாயின், தீர்த்தமலை போன்ற சிற்றூர்களுக்கும் ஓர் இசைக் கருவூலம் கிட்டும்.

எம்.பி.3 முறை பாட்டைச் சுருக்குங்கால், உரத்த ஒலியின் நிழலில் மறைந்து, செவிக்குப் புலப்படாத மெல்லொலிகளை நீக்கிவிடுகிறது. பொறி அவ்வாறு செய்வதில் தீங்கில்லை. திரையிசையின் பேரொலியில் ஏழை மூதாட்டியின் குரல் கேட்கவில்லை என்று நாமும் அதனை நீக்கிவிடுவோமாயின், அவ்விழப்பை எந்த அட்டையாலும் ஈடுசெய்ய இயலாது. 800 பாடல்கள் கொள்ளும் இடத்தில் நம் வீட்டுப் பாடல் ஒன்றுக்கும் இடமளிப்போம்.