கருவறையிலேயே பழுதாகும் அபாயமணி

2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலங்கையில் எழுந்த ஒரு சர்ச்சை வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்திருந்த 1979ஆம் ஆண்டின் விதியை அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் நீக்கினார். சில நாள்களுக்குள்ளேயே அந்த நீக்கத்தை மீளப் பெறுமாறு அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பணித்தார். ஒரு பக்கம் கலாசாரம் அழிகிறது என்ற கூக்குரல். மறுபக்கம் உரிமை பறிபோகிறது என்ற கூக்குரல். வளர்ந்த பெண்ணைச் சிறுபிள்ளையாகக் கருதும் அந்த விதியை நான் அன்றும் ஆதரிக்கவில்லை, இன்றும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்நாள்களில் நான் வாசித்த தலையங்கங்களிலும் கேட்ட மேடைப் பேச்சுகளிலும் ஒரு சொல் இருக்கவேயில்லை. 'கரு' என்பதே அச்சொல். நான் எழுதியவற்றிலும் அது இருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தாய் அருந்தும் மது சூல்வித்தகத்தைத் தடையின்றிக் கடந்து செல்கிறது. தாயின் குருதியில் உள்ள செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமமான செறிவைச் சிசுவின் குருதியும் எட்டிவிடுகிறது. அதைச் சிதைக்க வேண்டிய ஈரல் அங்கு இன்னும் முதிர்ச்சியடையவில்லை. இவ்வளவு எளிய உண்மையை மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. பிரான்சின் நாந்த் நகர வைத்தியர் போல் லெமுவான் மதுவுக்கு அடிமையான பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து 1968இல் எழுதிய கட்டுரையைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் 'லான்செற்' மருத்துவ இதழில் எழுதிய பின்னரே 'கருநிலை மதுக் கூட்டறிகுறி' என்ற பெயர் நிலைத்தது. அதே காலப்பகுதியில் குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதற்கென்று கர்ப்பிணிகளின் நாளத்தினூடாக மதுசாரத்தை ஏற்றும் சிகிச்சையும் பெரிய வைத்தியசாலைகளில் நடந்துகொண்டிருந்தது. படித்தவர்களின் தவறுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அக்கூட்டறிகுறி என்றதும் வைத்தியர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒடுங்கிய கண் இடைவெளி, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பள்ளமற்ற தோல் ஆகியவையே அடையாளங்கள் எனப்பட்டன. ஆனால் முகம் உருவாவது கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில். மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே மட்டும் பாதிப்புற்ற பிள்ளைகளே மிகப் பலர். அந்தப் பாதிப்புகளுள் நம்மவர் அறவே பேசாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நம் உடலுக்குள் ஓர் அபாயமணி இருக்கிறது. ஆபத்தைக் கண்டதும் மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதி கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தூண்ட, 'கோட்டிசோல்' என்ற ஓமோன் குருதியில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உடல் தயாராகிறது. பின்னர் அதே கோட்டிசோல் மூளைக்குத் திரும்பிச் சென்று 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது. மணி ஓய்கிறது. அடிப்பதைப் போலவே ஓய்வதும் இந்த மணியின் வேலை.

கருவில் மதுவைச் சந்தித்த எலிக்குட்டிகளில் இந்த மணி பழுதாகிவிடுகிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகூடங்கள் காட்டி வந்துள்ளன. கனடாவின் வான்கூவரில் ஜோன் வைன்பேர்க்கும் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிசில் அனா ரெய்லரும் இத்துறையின் முன்னோடிகள். அக்குட்டிகள் அமைதியாக இருக்கும்போது ஓமோன் அளவு பெரும்பாலும் வழமை போலவே இருக்கும். ஒரு நெருக்கடி வந்தால் மற்றக் குட்டிகளைவிட அது உயர எழுகிறது. எழுந்தது தணியவும் நெடுநேரம் எடுக்கிறது. ஆண் குட்டியிலும் பெண் குட்டியிலும் இது வெளிப்படும் விதம் வேறுபடுகிறது. வளர்ந்த பின்னரும் மாற்றம் நீடிக்கிறது.

மது குடித்த தாய் சரியாக உண்ணாததால் வந்த கேடாக இது இருக்கலாமே என்று சிலர் வாதிடுவர். ஆய்வாளர்கள் அதையும் எண்ணியிருக்கிறார்கள். மதுவே கொடுக்காமல், மது பெற்ற எலி உண்ட அளவு உணவை மட்டுமே கொடுத்து இன்னொரு கூட்டத்தையும் வளர்த்து ஒப்பிட்டார்கள். உணவுக் குறைவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது மதுவின் கேட்டை முழுமையாக விளக்கவில்லை. மனிதச் சிசுக்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையைச் சுட்டின. தாய் கர்ப்பத்தில் குடித்திருந்தால், சிறு தொந்தரவின்போதுகூடச் சிசுவின் கோட்டிசோல் கூடுதலாக உயர்ந்ததை அவை பதிவு செய்தன.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். இரு தரப்பாருடன் எனக்கு வழக்கு உண்டு.

முதலாவது தரப்பார் 'எங்கள் பெண்கள் குடிப்பதில்லை' என்று சொல்லிக் கதவை மூடுபவர்கள். அப்படிச் சொல்லும் சமூகத்தில் குடிக்கும் பெண் என்ன செய்வாள்? மறைப்பாள். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் அதைக் கேட்கக் கூசுவார். கேட்டாலும் அவள் 'இல்லை' என்பாள். ஐந்தாம் மாதத்தில் நிறுத்தினாலும் வளரும் மூளைக்கு நன்மை உண்டு என்ற செய்தி அவளிடம் போய்ச் சேராது. தேயிலைத் தோட்டத்து லயத்திலும் புலம்பெயர் நகரத்து அடுக்குமாடியிலும் அவள் இருக்கிறாள். தடைச் சட்டம் அவளைக் காக்கவில்லை. ஒளிந்துகொள்ளவே கற்றுக்கொடுத்தது. அவளை ஏசும் ஆண்களோ மாலையானதும் தவறணைக்குப் போகிறார்கள். தந்தையின் குடியும் பிறக்கப்போகும் குட்டிகளின் வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று எலிகளிடம் நடந்த அண்மைக்கால ஆய்வுகள் கூறுவதை அவர்களுக்கு யார் வாசித்துக் காட்டுவது?

இரண்டாவது தரப்பார் 'ஒரு கிளாஸ் வைன் ஒன்றும் செய்யாது' என்று விருந்துகளில் அறிவுரை வழங்குபவர்கள். புலம்பெயர்ந்த நம்மவரிடையே இந்தக் குரல் கூடிவருகிறது. கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று நிறுவப்பட்ட மதுவின் அளவு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் மதுப் போத்தல்களில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம். விற்பவனே அச்சிட்டு ஒட்டும் எச்சரிக்கையை மேசையில் இருப்பவர் மறுக்கிறார் என்றால் அதை அறிவு என்று எப்படிச் சொல்வது?

தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியைப் பாருங்கள். திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாக வைனையே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அங்கு தலைமுறைகளாக இருந்தது. சட்டம் தடுத்த பின்னரும் பல பண்ணைகளில் அது தொடர்ந்தது. கருநிலை மதுப் பாதிப்பின் வீதம் உலகிலேயே மிக உயர்ந்த இடங்களுள் அப்பகுதியும் ஒன்று. அந்தத் தாய்மாரையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, ஊற்றிக் கொடுத்த முதலாளியையா?

கடைசியாகப் பிள்ளையிடம் வருகிறேன். பழுதான மணியுடன் பிறந்த பிள்ளை சிறு சத்தத்துக்கும் துள்ளும், அழத் தொடங்கினால் ஓயாது, நித்திரை கொள்ளாது, வகுப்பில் இருப்புக்கொள்ளாது. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'குழப்படி'. நாம் அறிந்த மருந்து பிரம்பு. ஓயத் தெரியாத மணியை மேலும் அடித்தால் அது ஓயுமா? போரைக் கண்ட நம் மண்ணில் பிள்ளைகளின் நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. மது அவற்றுள் ஒன்று மட்டுமே. எந்தக் காரணமாயினும் பிரம்பு அதைக் குணப்படுத்தியதில்லை. நிதானமான வீடும், மாறாத நேர ஒழுங்கும், பொறுமையுள்ள ஆசிரியரும் அப்பிள்ளையின் வாழ்வைத் திருப்பவல்லவை.

கர்ப்பிணியிடம் இகழ்ச்சியின்றிக் கேளுங்கள். அவள் உண்மை சொன்னால் தண்டிக்காமல் துணை நில்லுங்கள். கணவனையும் அதே வாங்கிலில் இருத்திக் கேளுங்கள். 2018இல் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி அத்தனை பத்திகள் எழுதினோம். அவள் வயிற்றில் வளர்வதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். அந்தக் கடனில் ஒரு சிறு தவணையாகவே இதை எழுதினேன்.