பேரனுக்கு ஊசி, அப்பாச்சிக்குக் காப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்னொரு காலத்தில் நம்மிடம் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்தார். இன்று அவர் இரு பிள்ளைகளுக்குத் தந்தை. அவர் முகம் வாடியிருந்தது. காரணத்தை வினவினோம்.

அவருடைய தாயார் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை பெற்று வருகின்றார். இளைய மகனுக்கோ ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா என்னும் மூன்றையும் தடுக்கும் ஊசி போடவேண்டிய நாளும் வந்துவிட்டது.

“ஐயா, அந்த ஊசி மருந்திலே உயிருள்ள கிருமி இருக்கிறதாம். அது பிள்ளையிடமிருந்து அம்மாவுக்குத் தொற்றிவிடும் என்று உறவினர் சொல்கிறார்கள். அம்மா தேறும்வரை ஊசியைத் தள்ளிவைக்கலாமா? அம்மாவும் பயந்து, பேரனைத் தூக்குவதையே விட்டுவிட்டா” என்றார்.

நாம் வைத்தியரல்லோம், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் மட்டுமே. ஆயினும் இந்த ஐயம் பல இல்லங்களில் எழக்கூடியது. ஆகவே இவ்வாரம் இதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவர், ஸ்டீரொயிட் மருந்தைப் பெருமளவில் நெடுநாள் உட்கொள்பவர் ஆகியோரின் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. நமக்குச் சில நாட் காய்ச்சலோடு போகும் நோய், அவர்களுடைய உயிருக்கே உலை வைத்துவிடலாம். ஆகையால் வீட்டார் அஞ்சுவதிலே தவறில்லை. ஆனால் எதற்கு அஞ்சவேண்டும் என்பதைத் தெளிந்து அஞ்சவேண்டும்.

தடுப்பு மருந்துகள் இரு வகைப்படும். கொல்லப்பட்ட கிருமியிலிருந்தோ அதன் ஒரு கூறிலிருந்தோ செய்யப்படுபவை ஒரு வகை. குக்கல், தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஆகியவற்றுக்கான ஊசி இவ்வகையைச் சார்ந்தது. இதனால் எவருக்கும் எதுவும் தொற்றாது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து ஆக்குவது மற்ற வகை. நம் மாணவர் அஞ்சிய ஊசி இவ்வகையினது என்பது மெய்தான். ஆயினும் அதனைப் போட்டுக்கொண்ட பிள்ளையிடமிருந்து அக்கிருமி வீட்டாருக்குத் தொற்றுவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர் இருக்கும் வீட்டிலும் பிள்ளைகளுக்கு இவ்வூசியைப் போடவேண்டும் என்பதே வைத்திய உலகின் தெளிந்த முடிபு.

விலக்கு ஒன்றுண்டு. இளம்பிள்ளைவாதத்துக்கு வாயில் விடும் சொட்டு மருந்திலுள்ள கிருமி, பிள்ளையின் மலத்தோடு சில வாரங்கள் வெளியேறும். அது எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். அத்தகையவர் உள்ள வீட்டிலே சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி மருந்தையே கொடுத்தல் வேண்டும். ஆகவே கிளினிக்குக்குச் செல்லும்போது, “எங்கள் வீட்டில் இப்படியொரு நோயாளி இருக்கிறார்” என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேறு இரு மருந்துகளைப் போடலாம். சிறிது கவனம் வேண்டும். கொப்பளிப்பான் ஊசிக்குப் பின் பிள்ளையின் உடலிற் கொப்புளம் எழுந்தால், அது ஆறும்வரை பிள்ளையை நோயாளியிடம் விடலாகாது. வயிற்றோட்டத்தைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தைக் கொடுத்தாற் சில வாரங்களுக்குக் குழந்தையின் அணையாடையை நோயாளி மாற்றலாகாது. மாற்றுபவர் சவர்க்காரமிட்டு நன்றாகக் கைகழுவவேண்டும்.

இனி, ஊசியைத் தள்ளிவைத்தால் என்னாகும் என்று பார்ப்போம். சின்னமுத்து மிக எளிதிலே தொற்றும் நோய்களுள் ஒன்று. நோயாளி ஓர் அறையை விட்டுச் சென்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றிலே தங்கக்கூடும். தோலிற் பருக்கள் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். “நோய் கண்டாற் பிள்ளையை விலக்கிவைப்போம்” என்று எண்ணியிருப்பவர், காணும் முன்னரே காலம் கடந்துவிடும்! நம் நாட்டிற் சின்னமுத்து ஒழிந்துவிட்டதென 2019ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது; 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசி போடாத பிள்ளை, அந்நோய் நுழைவதற்கு நாமே திறந்துவைத்த வாயிலாகும்.

பிள்ளைகளோடு கடமை முடிவதில்லை. வீட்டிலுள்ள பெரியோரும் தாம் தவறவிட்ட ஊசிகளைப் போட்டுக்கொள்ளவேண்டும். ஆண்டுதோறும் இன்புளுவென்சா ஊசியும் போட்டுக்கொள்வது நன்று. நோயாளிக்கோ, உயிருள்ள கிருமி கொண்ட மருந்தை அவருடைய வைத்தியரின் சொல்லின்றிக் கொடுக்கவே கூடாது. சின்னமுத்து அல்லது கொப்பளிப்பான் கண்டவரோடு அவர் பழக நேர்ந்தால், நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். காப்பு மருந்தேற்றச் சில நாட்களே அவகாசம் உண்டு.

இவற்றையெல்லாம் கேட்ட நம் மாணவர், “வைத்தியரையும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன், ஐயா” என்றார். “அதுவே முறை, தம்பி” என்றோம். புதன்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது. வைத்தியரும் அவ்வாறே கூற, பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. அழுதுகொண்டே வீடு வந்த பேரனை வாங்கி மடியிலிருத்தித் தேற்றியவர் அப்பாச்சிதானாம்.

நோயிலே தளர்ந்த முதியவருக்கு மருந்து எவ்வளவு வேண்டுமோ, பேரப்பிள்ளையின் அணைப்பும் அவ்வளவு வேண்டும். அறியாமையால் எழும் அச்சம் இரண்டையும் கெடுத்துவிடும். தெளிந்த அறிவு இரண்டையும் காக்கும்.