பம்ப் போச்சுன்னு யார் சொன்னது?

கார் மிஸ் அடிக்குதுன்னு சொன்ன உடனே "ஃப்யூயல் பம்ப் போயிருக்கும் பாஸ்" என்று தீர்ப்பு சொல்கிற பழக்கம் ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் மட்டும் இல்லை, நம்ம ஹாஸ்டலிலும் இருக்கிறது. யூடியூப்பில் இரண்டு வீடியோ பார்த்தவனும் அதையே சொல்கிறான், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனும் அதையே சொல்கிறான். பம்ப் பாவம், டேங்குக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. பழி போட வசதி. ஆனால் கால் டாக்ஸி ஓட்டுகிற ஒருத்தருக்கு அந்த ஒரு வார்த்தையின் விலை சில ஆயிரம் ரூபாயும் இரண்டு நாள் சவாரியும். பம்பை மாற்றிய பிறகும் வண்டி நடுங்கினால் அடுத்து இன்ஜெக்டர், அதற்கடுத்து காயில் என்று பில் நீண்டுகொண்டே போகும்.

அளந்து பார்க்காமல் பம்பைக் கழற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடக்கூடாது என்பது என் கட்சி. அவர் நம்ம சீனியராகவே இருந்தாலும் சரி.

முதலில் கேட்க வேண்டியது, வண்டி எப்போ நடுங்குது? ஐடிலில் சின்ன கார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கும். அதை அரைகுறை உயிரோடு இருக்கிற பம்ப்கூட கொடுத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது நடுங்கி, பைபாஸில் ஏறியதும் வெண்ணெய் மாதிரி ஓடுகிற வண்டியில் பம்பைச் சந்தேகப்படுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது வேக்கம் லீக், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, ஸ்பார்க் பிளக், காயில். இதற்கு நேரெதிராக, ஐடில் நன்றாக இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறினால், அப்போது பம்ப், ஃபில்டர், ஒயரிங் பக்கம் போகலாம்.

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் இதே கதையை எண்ணாகவே சொல்லும். ஃப்யூயல் ட்ரிம் ஐடிலில் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பத்தவில்லை. பி0301 கோடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அந்தக் காயிலை இரண்டாம் சிலிண்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். பத்து நிமிஷ வேலை, செலவு ஒரு பைசா இல்லை.

சரி, பெட்ரோல்தான் பத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பம்ப் மேல் உடனே பாயக்கூடாது. போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பாருக்குள் இருக்கும். இன்ஜெக்டர் வழியாகப் போகிற அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவனுக்கும் தெரிந்த பெர்னூலிதான். 3 பார் 2 பாராக இறங்கினால் பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறையும். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு ஓரளவு ஈடுகட்டும், அதனால் டவுனுக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாது. ஹைவேயில்தான் சாயம் வெளுக்கும்.

இந்தப் பிரஷர் இறங்க பம்ப் மட்டும்தான் காரணமா? சுமார் 5 ஆம்பியர் இழுக்கிற பம்புக்குப் போகிற கனெக்டரில் பச்சை பூத்து 0.4 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தால், அங்கேயே 2 வோல்ட் காலி. பம்ப் நல்ல பம்ப்தான், சாப்பாடு போடாமல் வேலை வாங்குகிறோம். மல்டிமீட்டரை வைத்து பம்ப் வாயிலேயே, பம்ப் ஓடும்போது வோல்டேஜ் பார்க்கணும். ஃபியூஸ் பாக்ஸில் பார்த்துவிட்டு "12 இருக்குது" என்றால் ஒன்றும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"பம்ப் மாத்தினோம், சரியாயிடுச்சே" என்று சிலர் சொல்வார்கள். ஆகியிருக்கும். புது பம்ப் மாட்டும்போது பழைய கனெக்டரைப் பிடுங்கி மறுபடி சொருகினீர்களே, அந்த உரசலில் பச்சை உதிர்ந்திருக்கலாம். அடைத்துப்போன வலையும் அசெம்பிளியோடு சேர்ந்தே மாறியிருக்கலாம். குணமானதால் நோய் அதுதான் என்று ஆகிவிடாது. (இப்போது எதற்கெடுத்தாலும் இ20 பெட்ரோல்தான் காரணம் என்பது புது ஃபேஷன். எத்தனால் ஈரம் இழுக்கும், பழைய ரப்பருக்கு ஆகாது, உண்மைதான். ஆனால் அதையும் அளந்துதான் சொல்லணும்.)

மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நிறைய சின்ன கார்களில் பிரஷர் கேஜ் மாட்ட தனி வாயே கிடையாது, லைனைக் கழற்றி டி அடாப்டர் போடணும். ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஓனராவது காசு கொடுக்கிறாரா? "சும்மா பார்த்ததுக்கு என்னப்பா காசு?" என்பார். அதே ஆள் அட்டைப்பெட்டியில் வந்த புது பார்ட்டுக்கு பேரம்கூடப் பேசாமல் கொடுப்பார். பார்ட் விற்றால்தான் சோறு என்ற நிலையில் யார் உட்கார்ந்து அளப்பார்? வண்டியில் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தவருக்கும் கூலி கொடுக்க ஓனர்கள் பழக வேண்டும்.

நம்ம பக்கமும் லட்சணம் குறைவுதான். ஆட்டோமொபைல் லேபில் பெயின்ட் அடித்த கட் செக்‌ஷன் இன்ஜின் இருக்கிறது. அதில் நாலு ஸ்ட்ரோக்கையும் விரலால் காட்டினால் வைவா முடிந்தது. கோளாறு உள்ள ஓடுகிற இன்ஜின் ஒன்றுகூட இல்லை. சிம்போசியத்துக்கு மொமென்டோ வாங்குகிற காசில் ஒரு பிரஷர் கேஜும் அடாப்டரும் வாங்கிவிடலாம். ஸ்க்ராப்புக்குப் போகிற ஒரு எம்பிஎஃப்ஐ காரைப் பிடித்து, வாரம் ஒரு கோளாறை லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ரகசியமாக வைக்கட்டும். ஒரு வாரம் வேக்கம் ஹோஸைத் தளர்த்தட்டும், ஒரு வாரம் பம்ப் ஒயரில் ரெசிஸ்டர் போடட்டும். எந்த பார்ட்டையும் மாற்றாமல் கண்டுபிடிக்கிற டீமுக்கு மார்க். லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு பிரஷரை இறக்காத டீமை அப்போதே வெளியே அனுப்பிவிடலாம்.