ஒரே சஹனும் ஒவ்வாத பிள்ளையும்

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கற்பிட்டிக் கடலில் குளிக்கப் போகிறோம். சோறும் இறால் பொரியலும் கச்சானும் கூடவே வரும். ஒரே சஹனில் உண்பது நம் அழகிய வழக்கம். ஆனால் இறாலோ கச்சானோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தனித் தட்டு வையுங்கள். சோற்றில் கலந்த சிறு துண்டும் ஆபத்தாகலாம். “பிஸ்மி சொல்லிக் கொஞ்சம் கொடுங்கள், பழகிவிடும்” என்று பெரியவர்கள் சொன்னாலும் இணங்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம்.

சாப்பிட்ட கையோடு ஓடியாடி நீந்துவதும் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். தண்ணீருக்குள் பிள்ளையின் உடம்பில் எழும் தடிப்பு நம் கண்ணில் படாது, மயங்கினால் மூழ்கிவிடும். ஆகவே விடயம் அறிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கட்டும். மருந்துப் பை கரையில், நிழலில் இருக்கட்டும்.

உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே கரையேற்றுங்கள். மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசி இருந்தால் தாமதியாமல் தொடையில் போடுங்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். அரிப்புக்குத் தரும் குளிசையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதை மாமிக்கும் மச்சிமாருக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.